பாறசாலையிலிருந்து தில்லி எவ்வளவு தூரம்?

திருவனந்தபுரத்திற்கும் தில்லிக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்ற வினாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு. வான்வழியாக நேர்க்கோட்டில் அளந்தால் அது சுமார் 2,230 கி.மீ. கேரள எக்ஸ்பிரஸ் செல்லும் இருப்புப் பாதையில் அளந்தால் 3,000 கி.மீட்டருக்கும் அதிகம். நேரத்தால் அளந்தால், ரயிலில் ஏறத்தாழ இரண்டு முழு நாட்கள். விமானத்தில் மூன்றே கால் மணி. இவற்றுள் எது உண்மையான தூரம் என்று கேட்பதைவிட, எந்தப் பயனுக்காக எந்த அளவு பொருந்தும் என்று ஆராய்வதே முறையாகும்.

இந்த ஆராய்ச்சிக்குத் தகுந்த இடம் பெருநகரமன்று. விமான நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி அமைந்த ஊர்களே. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் நெய்யாற்றின்கரை வட்டம் உள்ளது. அதன் எல்லையோர ஊரான பாறசாலை, தமிழ்நாட்டின் களியக்காவிளைக்கு மிக அருகில் அமைந்தது. தில்லிக்கு நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் மாணவரும், துபாய்க்கு வேலைக்குச் செல்லும் தொழிலாளியும் இவ்வூர்களிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்தையே நாடுகின்றனர். அட்டவணையில் அச்சிடப்பட்ட பறக்கும் நேரம் அவர்களது பயணத்தின் ஒரு பகுதியை மட்டுமே குறிக்கிறது. எஞ்சிய பகுதி எவ்வளவு, அதனைக் குறைக்க இயலுமா என்பன திட்டமிடுவோர் கருத வேண்டிய கேள்விகள்.

வானில் தூரத்தை அளக்கும் முறை

பூமி ஏறத்தாழக் கோள வடிவமானது. ஆகவே அதன் மேற்பரப்பில் இரு ஊர்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தை மையமாகக் கொண்டு வரையப்படும் வட்டத்தின் ஒரு வில்லாகும். இதனைப் பெருவட்டப் பாதை என்பர். தட்டையான நிலப்படத்தில் அளவுகோலை வைத்து வரையும் கோடு பல நேரங்களில் இப்பாதையோடு பொருந்துவதில்லை.

திருவனந்தபுரம்-தில்லி வழியில் இக்கணக்கு மிக எளிதாக அமைந்துவிடுகிறது. இவ்விரு நகரங்களின் விமான நிலையங்களும் ஏறத்தாழ ஒரே தீர்க்க ரேகையில், அதாவது கிழக்கே 77 பாகையை ஒட்டி அமைந்துள்ளன. திருவனந்தபுரம் வடக்கே சுமார் எட்டரைப் பாகையிலும், தில்லி சுமார் இருபத்தெட்டரைப் பாகையிலும் உள்ளன. இடைவெளி இருபது பாகைக்குச் சற்று அதிகம். ஒரு பாகைக்குச் சுமார் 111 கி.மீ. என்று கொண்டால், விடை 2,230 கி.மீ. என்று மாணவர் எவரும் தாமே கண்டுகொள்ளலாம். விமானிகளும் மாலுமிகளும் கையாளும் கடல் மைல் என்னும் அளவும் இதிலிருந்தே தோன்றியது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கே ஒரு கடல் மைல், அது 1.852 கி.மீட்டருக்குச் சமம்.

ஒரு பாகையின் நீளத்தை நுட்பமாக அறிய மேற்கொள்ளப்பட்ட உலகப் பெருமுயற்சிகளுள் ஒன்று இத்தென்னாட்டிலேயே தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னையில் புனித தோமையார் மலை அருகே அடிக்கோட்டை அளந்து தமது முக்கோண நில அளவையைத் தொடங்கினார். பின்னர் கன்னியாகுமரியின் அண்மையிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை நீண்ட பெரும் வில்லளவையாக அது வளர்ந்தது. லாம்டனுக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அதனை 1841-இல் நிறைவு செய்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காடும் மலையும் கடந்து அளந்த அதே திசையில்தான் இன்று விமானம் மூன்றே கால் மணியில் பறந்து செல்கிறது.

பறக்கும் நேரம் எவ்வாறு அமைகிறது?

இன்று உள்நாட்டு வழிகளில் பெரிதும் பயன்படும் ஜெட் விமானங்கள், உயரத்தை எட்டிய பின் மணிக்குச் சுமார் 840 கி.மீ. வேகத்தில் பறக்கின்றன. 2,230 கி.மீட்டரை இவ்வேகத்தால் வகுத்தால் இரண்டு மணி நாற்பது நிமிடமே கிடைக்கிறது. ஆனால் அட்டவணையில் காணப்படுவது மூன்றே கால் மணி. இவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

அட்டவணை குறிப்பது வானில் இருக்கும் நேரத்தை மட்டுமன்று. விமானம் தான் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல், சேருமிடத்தில் முற்றிலும் நிற்கும் வரையிலான நேரமே கணக்கில் கொள்ளப்படுகிறது. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதற்கும், முன் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் காத்திருப்பதற்கும் நேரம் வேண்டும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவு. மேலும், வானிலும் வரையறுக்கப்பட்ட வழிகள் உண்டு. படைத்துறைக்கென ஒதுக்கப்பட்ட வான்பரப்பையும் இடிமேகங்களையும் சுற்றிச் செல்ல வேண்டும். தில்லி போன்ற நெரிசல் மிகுந்த நிலையத்தை நெருங்கும்போது இறங்குவதற்கு முறை வரும்வரை வட்டமிட நேரிடலாம். இவையெல்லாம் சேர்ந்தே அந்த முப்பத்தைந்து நிமிடம் ஆகிறது. தூரம் குறைந்தாலும் இச்செலவு பெரிதும் குறைவதில்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 2,000 கி.மீ. பறந்தாலும் 600 கி.மீ. பறந்தாலும் ஊர்தலும் ஏறுதலும் இறங்குதலும் உண்டு.

காற்றின் பங்கும் சிறிதன்று. தெற்கு வடக்காகச் செல்லும் தில்லி வழியில் மேலைக் காற்று பக்கவாட்டில் வீசுவதால் அதன் விளைவு குறைவு. துபாய் வழியில் நிலைமை வேறு. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் வடமேற்கே சுமார் 2,950 கி.மீ. தொலைவில் உள்ளது. மணிக்கு 60 கி.மீ. காற்று எதிர்த்து வீசினால் 840 கி.மீ. வேகம் 780 ஆகக் குறையும். பயணம் கால் மணி நேரம் நீளும். அதே காற்று திரும்பி வரும்போது துணை நிற்கும். பயணம் கால் மணி நேரம் குறையும். குளிர்காலத்தில் வட அட்சங்களில் வலுப்பெறும் மேலைக் காற்றால் போகும் நேரமும் வரும் நேரமும் இவ்வாறு வேறுபடுகின்றன.

தென்மேற்குப் பருவக் காலத்தில் ஒரு புதுமையைக் காணலாம். நெய்யாற்றின்கரையில் தென்னைகளை வளைக்கும் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. ஆனால் அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து கிலோ மீட்டர் உயரத்தில் தென்னிந்தியாவின் மேல் கிழக்கிலிருந்து மேற்காக வலுவான காற்று ஓடுகிறது. கீழைக் காற்றுத் தாரை எனப்படும் இதனை இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம் 1958-இல் விரிவாக விளக்கினார். தரையில் நின்று பார்ப்பவர் எதிர்க்காற்று என்று எண்ணும் நாளில், மேற்கே செல்லும் விமானம் வழியின் தொடக்கப் பகுதியில் துணைக் காற்றைப் பெறுவதும் உண்டு.

கடிகாரம் காட்டும் வேறுபாடு

அயல்நாட்டுப் பயணத்தில் மற்றொரு குழப்பமும் சேர்கிறது. இந்தியத் திட்ட நேரம் கிரீன்விச் நேரத்திற்கு ஐந்தரை மணி முந்தியது. துபாய் நேரம் நான்கு மணி முந்தியது. இரண்டிற்கும் இடையே ஒன்றரை மணி வேறுபாடு. திருவனந்தபுரத்தில் காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் நாலே கால் மணி பறந்து சேரும்போது துபாய்க் கடிகாரம் பகல் 12.45 காட்டும். பயணச் சீட்டைப் பார்ப்பவருக்கு இரண்டே முக்கால் மணிப் பயணம் போலத் தோன்றும். அங்கிருந்து பிற்பகல் 2 மணிக்குப் புறப்பட்டு நான்கு மணி பறந்தால், இங்கே இரவு 7.30. இது ஐந்தரை மணிப் பயணம் போலத் தோன்றும். பயணச் சீட்டுகளில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊரின் நேரப்படியே குறிக்கப்படுகின்றன. ஆகவே பறக்கும் நேரத்தை அறிய, முதலில் இரண்டையும் ஒரே ஊரின் நேரத்திற்கு மாற்றிக்கொண்ட பின்னரே கழிக்க வேண்டும். வரவேற்க விமான நிலையம் செல்லும் குடும்பத்தார்க்கும் இது பயன்படும் கணக்காகும்.

முன்னாளில் இருந்த தூரம்

இவ்வூர்களிலிருந்து பெருநகரங்களுக்கு இருந்த தூரம் ஒரு நூற்றாண்டுக்குள் பலமுறை சுருங்கியுள்ளது. திருவிதாங்கூர் மன்னராட்சியில் 'அஞ்சல்' என்ற பெயரிலேயே தனித் தபால் துறை இயங்கியது. மணி கட்டிய கோலுடன் ஓடிய அஞ்சற்காரர்கள் கடிதங்களைச் சுமந்தனர். அத்துறை 1951-இல் இந்தியத் தபால் துறையுடன் இணைக்கப்பட்டது. கொல்லம்வரை வந்திருந்த ரயில் 1918-இல் திருவனந்தபுரத்தை எட்டியது. ஆனால் தெற்கே பாறசாலை, குழித்துறை, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரையிலான சுமார் 87 கி.மீ. பாதை திறக்கப்பட்டது 1979-இல்தான். அதாவது, பாறசாலை மக்களுக்கு ரயில் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே அவர்களது தலைநகருக்கு விமானம் வந்துவிட்டது.

இந்தியாவில் தொடர்ச்சியான விமானத் தபால் போக்குவரத்து, 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிய விமானத்துடன் தொடங்கியது. அங்கிருந்து சென்னைவரை நெவில் வின்சென்ட் தபாலைக் கொண்டுவந்தார். 1935 அக்டோபர் இறுதியில் டாட்டா நிறுவன விமானம் பம்பாயிலிருந்து திருவனந்தபுரம் வந்து இறங்கியது. நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர் அஞ்சலைச் சுமந்து பம்பாய்க்குப் புறப்பட்டது. கோவா, கண்ணூர் வழியாக வாரம் ஒருமுறை அச்சேவை நடைபெற்றது. விமானத்தின் வேகம் இன்றைய ஜெட் விமான வேகத்தின் சிறு பகுதியே. ஆயினும் வாரம் ஒருமுறை மட்டுமே விமானம் உண்டென்றால், பயணிக்கு உண்மையில் நேரும் தாமதம் பறப்பதனால் அன்று, காத்திருப்பதனாலேயே. எத்தனை மணியில் செல்கிறது என்பதைப் போலவே எத்தனை நாட்களுக்கு ஒருமுறை செல்கிறது என்பதும் தூரத்தின் ஒரு கூறாகும்.

வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிச் சென்றவர்களின் வரலாறும் இதனையே காட்டுகிறது. 1970-களில் எண்ணெய் விலை ஏற்றத்திற்குப் பின் இந்த ஓட்டம் பெருகியது. அன்று பலர் முதலில் பம்பாய் செல்ல வேண்டியிருந்தது. கொங்கண் ரயில் பாதை 1998-இல்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதுவரை பாலக்காடு, குண்டக்கல் வழியாகச் சுற்றிச் செல்ல இரண்டு இரவுகள் ஆயின. பம்பாயிலிருந்து 'துவாரகா' என்னும் கப்பல் 1982-ஆம் ஆண்டுவரை வளைகுடாத் துறைமுகங்களுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. கடலில் மட்டும் பல நாட்கள் கழிந்தன. திருவனந்தபுரத்திலிருந்து நேரடி விமானங்கள் வந்தபின் அவ்வழி முழுவதும் நாலே கால் மணியாகச் சுருங்கியது. 1991-இல் இந்நிலையம் பன்னாட்டு விமான நிலையமாக அறிவிக்கப்பட்டது. 2021 அக்டோபரில் அதன் நிர்வாகம் அதானி குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

கணக்கெடுப்புகளின்படி, 1998-இல் அயல்நாடுகளில் வாழ்ந்த கேரளத்தவர் சுமார் 13.6 இலட்சம். 2013-இல் இது 24 இலட்சமாக உயர்ந்து, 2018-இல் 21 இலட்சமாகக் குறைந்து, 2023-இல் ஏறத்தாழ 22 இலட்சமாக இருந்தது. இவர்களுள் பெரும்பாலோர் வளைகுடா நாடுகளில் உள்ளனர். எல்லைக்கு அப்பால் குமரி மாவட்டத்திலிருந்து சென்றவர்கள் இக்கணக்கில் சேரார். பெற்றோரின் நோய்ச் செய்தி கேட்டுப் புறப்படுபவருக்கும், ஆண்டுக்கு ஒரு மாத விடுப்பில் வருபவருக்கும் பயண நேரம் வெறும் எண்ணன்று. ஒரு நாள் வழியில் கழிந்தால், வீட்டில் இருக்கக்கூடிய ஒரு நாள் குறைகிறது.

வாசல் முதல் வாசல் வரை

இனி, பாறசாலையில் உள்ள ஒரு வீட்டிலிருந்து தில்லி நகருக்குள் ஓர் அலுவலகம் வரையிலான பயணத்தை எடுத்துக்காட்டாகக் கணக்கிடலாம்.

வீட்டிலிருந்து விமான நிலையம், சுமார் 35 கி.மீ.: 75 நிமிடம்
நிலையத்தில் சோதனையும் காத்திருப்பும்: 120 நிமிடம்
விமானப் பயணம்: 195 நிமிடம்
இறங்கிப் பெட்டியைப் பெற்று வெளியேறுதல்: 40 நிமிடம்
தில்லி விமான நிலையத்திலிருந்து நகருக்குள்: 50 நிமிடம்
மொத்தம்: 480 நிமிடம், அதாவது 8 மணி

இதில் விமானத்தில் கழிவது ஐந்தில் இரண்டு பங்கு. எஞ்சிய மூன்று பங்கும் தரையில் கழிகின்றன. மணிக்கு 840 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்தில் சென்றும், பயணியின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 280 கி.மீட்டரே.

சென்னைக்குச் செல்வதாயின் இவ்விகிதம் மேலும் மாறுகிறது. திருவனந்தபுரத்திலிருந்து சென்னை வான்வழியே சுமார் 615 கி.மீ.; பறக்கும் நேரம் சுமார் 80 நிமிடம். ஆனால் தரையில் ஆகும் நேரம் ஏறத்தாழ அதேதான். மொத்தப் பயணம் ஆறு மணியை நெருங்கும். அதில் பறப்பது கால் பங்குகூட இல்லை. குழித்துறையில் மாலையில் ரயிலேறி உறங்கிக்கொண்டே செல்பவர் மறுநாள் காலை சென்னையில் இருப்பார். பகல் நேரத்தின் மதிப்பைக் கணக்கிட்டால், இரவு ரயில் விமானத்திற்கு அவ்வளவு பின்தங்கியதன்று. தூரம் குறையக் குறைய விமானத்தின் அனுகூலம் குறைகிறது என்பது இதனால் புலனாகிறது.

இக்கணக்கிலிருந்து கொள்கைக்குரிய ஒரு முடிவும் பெறப்படுகிறது. விமானங்களின் வேகத்தைப் பத்து சதவீதம் உயர்த்த முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். தில்லிப் பயணத்தில் மிச்சமாவது கால் மணி நேரமே. அதற்கு வேண்டிய எரிபொருளும் ஆராய்ச்சியும் முதலீடும் மிகப் பெரியவை. பாறசாலையிலிருந்து விமான நிலையம்வரை ஆகும் 75 நிமிடத்தை 50 ஆகக் குறைத்தால் 25 நிமிடம் மிச்சமாகும். பறக்கும் தூரத்தில் அறுபதில் ஒரு பங்குகூட இல்லாத இந்த 35 கி.மீட்டரே மிகுந்த பயன் தரும் இடம்.

சராசரி நேரத்தைவிட நேரத்தின் உறுதிப்பாடு முக்கியமானது. பாலராமபுரம் போன்ற சந்திப்புகளில் நெரிசல் ஏற்படக்கூடும் என்ற அச்சத்தால், 75 நிமிட வழிக்கு இரண்டரை மணி ஒதுக்கிப் புறப்படுவது இங்கு வழக்கம். விமானத்தைத் தவறவிட்டால் பயணச் சீட்டின் விலை மட்டுமன்றி, சில நேரங்களில் வேலையையே இழக்க நேரிடும். ஆகவே மக்கள் வழக்கமான நாளைக் கருதாமல் மிக மோசமான நாளைக் கருதியே புறப்படுகின்றனர். இவ்வாறு வீணாகும் நேரம் எந்த அட்டவணையிலும் காணப்படுவதில்லை.

திருவனந்தபுரம் விமான நிலையத்திலேயே இதற்கு ஓர் அரிய சான்று உண்டு. பத்மநாபசுவாமி கோயிலின் ஆராட்டு ஊர்வலம் ஆண்டுக்கு இருமுறை, பங்குனி, ஐப்பசி விழாக்களின் நிறைவில், ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கிறது. அவ்வேளைகளில் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. ஆயினும் பயணிகளுக்குப் பெரிய இடர் நேர்வதில்லை. முன்னதாகவே அறிவிக்கப்பட்டு அட்டவணைகள் மாற்றப்படுவதே காரணம். அறிவிக்கப்பட்ட பல மணித் தடையைவிட அறிவிக்கப்படாத அரை மணி நெரிசல் அதிகத் தீங்கு விளைவிக்கிறது.

எல்லைக்கோடும் விமான நிலையமும்

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநில அமைப்பின்போது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் அமைந்தது. நிர்வாகம் பிரிந்தாலும் உறவும் சந்தையும் பயணமும் பிரியவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. விளவங்கோடு வட்டத்து மக்களுக்குத் திருவனந்தபுரமே மிக அருகிலுள்ள விமான நிலையம். அவர்களது மாநிலத் தலைநகரோ சுமார் 700 கி.மீ. தொலைவில் உள்ளது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாகப் போக்குவரத்து நிறுத்தப்பட்டபோது இக்கோட்டின் பொருளை மக்கள் உணர்ந்தனர். களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் இடையே அனுமதிச் சீட்டும் சோதனையும் வந்தன. அவ்வாண்டு மே 7 முதல் வந்தே பாரத் திட்டத்தில் அயல்நாடுகளிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களுள், திருவனந்தபுரத்தில் இறங்கிய குமரி மாவட்டத்தவர் மாநில எல்லையைக் கடந்தே வீடு சேர வேண்டியிருந்தது. சில கிலோ மீட்டர் தூரம் சட்டத்தால் நீளக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

சாலை அந்தத் தூரத்தைக் குறைக்கவும் முடியும். தேசிய நெடுஞ்சாலை 66-இன் பகுதியாகக் கழக்கூட்டத்திலிருந்து முக்கோலை வழியாகக் காரோடு வரை சுமார் 43 கி.மீ. நீளமுள்ள புறவழிச் சாலை அமைக்கப்பட்டது. காரோடு என்பது பாறசாலையை அடுத்த எல்லையோர ஊர். முக்கோலை முதல் காரோடு வரையிலான பகுதி சிமெண்டுக் காங்கிரீட்டால் ஆனது. இச்சாலை விமான நிலையத்தின் கிழக்குப் புறத்தில், பன்னாட்டு முனையம் உள்ள சாக்கைப் பகுதியை ஒட்டிச் செல்கிறது. ஆகவே எல்லையூர்ப் பயணி நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கரமனை ஆகியவற்றின் நெரிசலுக்குள் புகாமலே விமான நிலையத்தை அடைய இயலுகிறது. எல்லைக்கு அப்பால் வில்லுக்குறி வழியாகத் திட்டமிடப்பட்ட நான்கு வழிச் சாலையும் இதனோடு இணையும்போதே முழுப் பயன் கிட்டும். ஒரு மாநிலத்தில் முடியும் சாலையின் பயன் அடுத்த மாநிலத்தில் தொடர்வதால், இத்தகைய திட்டங்களின் வரவு செலவை ஒரு மாநிலத்து மக்கள்தொகையைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது போதாது.

நேரம் அளவுகோலாகும்போது

அரசின் விதிகளிலும் அண்மைக் காலத்தில் தூரத்தின் இடத்தை நேரம் பெறத் தொடங்கியுள்ளது. ரயில் கட்டணம் கிலோ மீட்டரை அடிப்படையாகக் கொண்டது. விமானத் துறையிலோ, 2020 மே மாதம் உள்நாட்டு விமானங்கள் மீண்டும் தொடங்கியபோது, வழிகள் பறக்கும் நேரத்தின்படி ஏழு பிரிவுகளாக வகுக்கப்பட்டன. 40 நிமிடத்திற்கு உட்பட்டவை முதற் பிரிவு. 180 முதல் 210 நிமிடம் வரை ஏழாம் பிரிவு. ஒவ்வொன்றுக்கும் குறைந்த கட்டணமும் உச்சக் கட்டணமும் விதிக்கப்பட்டன. இக்கட்டுப்பாடு 2022 ஆகஸ்டு இறுதியில் நீக்கப்பட்டது. 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 ஏப்ரலில் முதல் விமானம் கண்ட உடான் திட்டத்திலும், ஒரு மணி நேரம் அல்லது சுமார் 500 கி.மீ. பறப்பதற்கு, குறிப்பிட்ட இருக்கைகளுக்கு 2,500 ரூபாய் என்று தொடக்கத்தில் வரம்பு வகுக்கப்பட்டது.

பயணிகளின் உரிமைகளும் இவ்வளவையே பின்பற்றுகின்றன. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் விதிகளின்படி, இரண்டரை மணி வரையிலான பயணத்தில் இரண்டு மணியும், இரண்டரை முதல் ஐந்து மணி வரையிலான பயணத்தில் மூன்று மணியும் தாமதம் எதிர்பார்க்கப்பட்டால், உரிய நேரத்தில் நிலையம் வந்த பயணிக்கு விமான நிறுவனம் உணவும் சிற்றுண்டியும் அளிக்க வேண்டும். முன்னறிவிப்பின்றி விமானம் ரத்தானால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து இழப்பீட்டின் உச்ச வரம்பு 5,000, 7,500, 10,000 ரூபாய் என உயர்கிறது. ஆனால் இவ்விதிகள் காப்பது பறக்கும் பகுதியை மட்டுமே. சாலை நெரிசலால் விமானத்தைத் தவறவிட்ட பாறசாலைப் பயணிக்கு எவ்வித இழப்பீடும் இல்லை. அவருக்குரிய காப்பு, உறுதியான சாலையும் பொருத்தமான பேருந்தும் ரயிலுமே.

கவனிக்க வேண்டியவை

மேற்கூறியவற்றிலிருந்து சில செயல்கள் தெளிவாகின்றன. முதலாவதாக, விமான நிலையங்களின் பயனைப் பயணிகளின் எண்ணிக்கையால் மட்டும் அளவிடாது, சுற்றுப்புற ஊர்களிலிருந்து அங்குச் சேர ஆகும் நேரத்தாலும் அளவிடுதல் வேண்டும். அவ்வாறு அளவிடும்போது மாநில எல்லையில் கணக்கை நிறுத்திவிடக் கூடாது. இரண்டாவதாக, விமானங்கள் மிகுதியாகப் புறப்படும் இரவு, அதிகாலை வேளைகளில் களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களிலிருந்து புறவழிச் சாலை வழியே நேரே விமான நிலையம் செல்லும் பேருந்துகள் இருப்பின், வாடகைக் கார் அமர்த்த இயலாத குடும்பங்கள் பயன்பெறும். இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் ஏற்கெனவே எல்லை தாண்டிப் பேருந்துகளை இயக்கி வருவதால் இது புதிய முயற்சியாகாது. மூன்றாவதாக, பாறசாலை, தனுவச்சபுரம், நெய்யாற்றின்கரை ரயில் நிலையங்களில் வண்டிகள் நிற்கும் நேரமும், திருவனந்தபுரத்தில் இறங்கி விமான நிலையம் சேர்வதற்கான இணைப்பும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். நான்காவதாக, உள்நாட்டு முனையமும் பன்னாட்டு முனையமும் ஓடுபாதையின் இரு புறங்களில் வெவ்வேறு சாலைகளில் அமைந்திருப்பதால், எம்முனையத்திற்குச் செல்ல வேண்டும் என்ற தகவல் புறப்படும் ஊரிலேயே பயணிக்குக் கிடைக்க வேண்டும்.

பயணிகளும் அட்டவணையின் ஓர் எண்ணை மட்டும் நம்பித் திட்டமிடுவதைத் தவிர்க்க வேண்டும். பறக்கும் நேரம், நேர வேறுபாடு, நிலையத்தில் ஆகும் நேரம், இரு முனைகளிலும் தரைவழி நேரம் ஆகிய நான்கையும் கூட்டிய பின்னரே பயணத்தின் நீளம் தெரியவரும். தில்லி வழியில் வான்பகுதியைச் சுருக்கும் பணி பெரும்பாலும் முடிந்துவிட்டது. பாறசாலையிலிருந்து சாக்கை வரையிலான 35 கி.மீட்டரில் ஆற்ற வேண்டிய பணி இன்னும் உள்ளது. அது இரு மாநில அரசுகளும் மத்திய அரசும் சேர்ந்து, தங்கள் கைக்கு எட்டும் செலவிலேயே செய்யக்கூடிய பணி.